பாம்பன் கரையிலிருந்து விண்வெளி நிலையம்: பார்க்கவும் கேட்கவும்

டெலஸ்கோப் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அண்ணே, ஸ்பேஸ் ஸ்டேஷன் பார்க்க எவ்வளவு பெரிய லென்ஸ் வாங்கணும்?" என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வரும் பிள்ளைகள் அதிகம். லென்ஸ் இருந்தால்தான் கஷ்டம். அதைத் திருப்பிக் குறிவைப்பதற்குள் நிலையம் பாதி வானத்தைத் தாண்டிவிடும். வெறும் கண்ணும், கையில் ஒரு போனும், தலைக்கு மேலே கொஞ்சம் திறந்த வானமும் இருந்தால் போதும்.

நான் பாம்பனில் விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட் பழுது பார்க்கிறவன். செயற்கைக்கோள் அனுப்புகிற சிக்னலால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்தப் பழக்கத்தில் வானத்தையும் நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். இந்த வேலை நம் கரைக்காரர்களுக்கு மற்றவர்களைவிட எளிது என்பது என் கட்சி. எந்த நேரம், எந்தத் திசை, எவ்வளவு உயரம், இந்த மூன்றும் தெரிந்தால் முடிந்தது. கடலுக்குப் போகிறவனுக்கு முதல் இரண்டையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாவதைக் கையை நீட்டிப் பழகிக்கொள்ளலாம்.

பார்க்கப் போவது என்ன என்று ஒரு வார்த்தை. சர்வதேச விண்வெளி நிலையம் ஒரே ராக்கெட்டில் போனது அல்ல. 1998 நவம்பர் 20 அன்று பைக்கனூரிலிருந்து ஜர்யா என்ற முதல் துண்டு போனது. இரண்டு வாரத்தில் அமெரிக்கா யூனிட்டி என்ற துண்டைக் கொண்டுபோய் அதோடு பூட்டியது. அதன்பிறகு பல ஆண்டுகள் துண்டு துண்டாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடா, ஐரோப்பா என்று ஐந்து விண்வெளி அமைப்புகள், பதினைந்து நாடுகள். 2000 நவம்பர் 2 முதல் இன்றுவரை ஒருநாள்கூட ஆள் இல்லாமல் இருந்ததில்லை. வழக்கமாக ஏழு பேர் இருப்பார்கள். எடை சுமார் 420 டன், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 109 மீட்டர். நம் புதிய பாம்பன் ரயில் பாலத்தில் மேலே தூக்குகிற பகுதி இருக்கிறதே, அது 72.5 மீட்டர். அதைவிட நீளமான ஒன்று நம் தலைக்கு மேலே 400 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனைக்கு மேலே இருந்தால் அடுத்த நாலு நொடியில் இலங்கையின் தலைமன்னார். என் கடைக்கு வரும் ஜிபிஎஸ் செட்டுகளில் எல்லைக்கோட்டை ஏற்றித் தரச் சொல்வார்கள், கிட்டே போனால் அலாரம் அடிக்கவேண்டும் என்பார்கள். மேலே போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நேரம்

நிலையத்தில் நாம் பார்ப்பது விளக்கு அல்ல. அதன் பெரிய சோலார் இறக்கைகளிலும் உடம்பிலும் படுகிற வெயில்தான் நம் கண்ணுக்கு வருகிறது. அதனால் ஒரே சமயத்தில் இரண்டு காரியம் நடக்க வேண்டும்: நமக்கு இருட்டியிருக்க வேண்டும், அதற்கு வெயில் பட வேண்டும். பொழுது அடைந்த பிறகு ஒன்றரை மணி நேரமும், விடிவதற்கு முன் ஒன்றரை மணி நேரமும்தான் அது நடக்கிறது. நடுராத்திரியில் நிலையமும் பூமியின் நிழலுக்குள் போய்விடும். பகலில் மேலே போனாலும் தெரியாது.

ஐரோப்பாக்காரர்கள் கோடையில் ராத்திரி முழுக்கப் பார்த்ததாக எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டு இங்கே காத்திருக்காதீர்கள். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், நம் சூரியன் கடலுக்குள் நேராக இறங்குகிறவன், அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். ராமநாதபுரம் கரையில் மாலை ஆறேமுக்காலிலிருந்து எட்டேகால் வரை, காலையில் நாலேகாலிலிருந்து ஐந்தேமுக்கால் வரை என்று மனதில் வைத்துக்கொண்டால், மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்பின் போகும், அவ்வளவுதான். யாராவது ராத்திரி பத்து மணிக்கு உச்சி வானத்தில் பார்த்தேன் என்று சொன்னால் அவர் பார்த்தது வேறு ஏதோ.

நிலையம் சுமார் 93 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது, ஒரு நாளைக்குப் பதினைந்து சுற்றுக்கு மேல். அப்படியென்றால் தினமும் தெரியவேண்டுமே என்று தோன்றும். தெரியாது. அது சுற்றும்போது கீழே பூமியும் திரும்பிக்கொண்டிருக்கிறது. அதனால் சில நாள் மாலையில் தொடர்ந்து வரும், அப்புறம் சில நாள் கண்ணிலேயே படாது, பிறகு விடியற்காலையில் தலைகாட்டும். இந்தக் கணக்கை நாம் போட வேண்டாம், அதற்கு ஆப் இருக்கிறது.

நாசாவே 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' என்று ஒரு ஆப் விட்டிருக்கிறது, காசு கிடையாது. 'ஹெவன்ஸ் அபவ்' இன்னொன்று. அதில் விவரம் கூடுதல், சீனாவின் தியாங்கோங் நிலையம் வரும் நேரமும் கிடைக்கும். நான் இரண்டாவதைத்தான் பார்க்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு முதலாவது போதும்.

ஆப்பைப் போட்டதும் இடத்தைச் சரியாகக் கொடுங்கள். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பட்டியலில் உச்சிப்புளியோ வாலிநோக்கமோ இல்லையென்று சென்னையைத் தட்டிவிடுவார்கள். சென்னைக்கும் ராமேஸ்வரத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 430 கிலோமீட்டர். நிலையத்தின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆக, சென்னைக்காரனுக்கு நேர் உச்சியில் நிற்கும்போது நமக்கு அது வடக்கே பாதி வானத்தில்தான் இருக்கும். நேரமும் முன்பின் ஆகும். உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் கழுத்து வலிதான் மிச்சம். போனில் லொகேஷனை ஆன் செய்து அதையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ராமேஸ்வரம் என்று போடுங்கள். அதுவும் பட்டியலில் இல்லையென்றால் யாழ்ப்பாணம் போட்டாலும் பரவாயில்லை, சென்னையைவிட எவ்வளவோ பக்கம். தனுஷ்கோடிப் பக்கம் நிற்கும்போது போன் தானாக இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் நேரம் குழம்பிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள்.

இன்னொன்று, ஒரு மாதத்துக்கு முன்னால் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். அவ்வளவு உயரத்திலும் கொஞ்சம் காற்று இருக்கிறது. அது உரசி உரசி நிலையம் மாதத்துக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் இறங்கும். அவ்வப்போது எஞ்சினை ஓட்டி மறுபடி மேலே தூக்குவார்கள். பெரும்பாலும் ரஷ்யாவின் புரோகிரஸ் சரக்குக் கலம்தான் தள்ளிவிடும். தள்ளிய பிறகு பழைய நேரங்கள் செல்லாது. கிளம்புகிற அன்றைக்குச் சாயங்காலம் ஒருமுறை ஆப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

திசையும் உயரமும்

ஆப்பில் ஒரு வரி இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: மாலை 7.04, ஐந்து நிமிடம், அதிகபட்ச உயரம் 62 டிகிரி, தோன்றுவது தென்மேற்கில் 10 டிகிரி, மறைவது கிழக்கு வடகிழக்கில் 35 டிகிரி. அடிவானம் என்பது 0, நம் உச்சந்தலைக்கு நேர் மேலே 90. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. அடிவானத்தில் ஒரு முஷ்டியை வைத்து, அதன்மேல் மற்றக் கை முஷ்டியை வைத்து, இப்படி மாற்றி மாற்றி ஏறினால் ஒன்பதாவது முஷ்டி தலைக்கு மேலே வந்து நிற்கும். பெரியவருக்குப் பெரிய கை, நீளமான கை. பிள்ளைக்குச் சின்னக் கை, குட்டைக் கை. கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். தோன்றுவது 10 டிகிரி என்றால் கடல்விளிம்புக்கு ஒரு முஷ்டி மேலே. 62 டிகிரி என்றால் ஆறு முஷ்டிக்குக் கொஞ்சம் கூட.

அந்த அதிகபட்ச உயரம் என்ற எண்ணைப் பார்த்துத்தான் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். 40-க்கு மேல் என்றால் பக்கத்து வீட்டாரையும் கூப்பிடலாம். 20-க்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து அடிவானம் நம் பக்கம் எப்போதும் மங்கல். அதற்குள் படகு விளக்கு, சவுக்குத் தோப்பு, பனை என்று ஆயிரம் இடைஞ்சல்.

கடைசி எண்ணையும் கவனியுங்கள். மறைவது 35 டிகிரியில் என்றால், கடல்விளிம்புவரை போகாமல் வானத்தின் நடுவிலேயே அது அணைந்துவிடும் என்று பொருள். மேகம் மறைக்கவில்லை, நிலையம் பூமியின் நிழலுக்குள் போகிறது. சில நொடிகளில் மங்கி, லேசாகச் சிவந்து, இல்லாமல் போகும். எனக்கு இதுதான் பிடித்த பகுதி. அவர்களுக்கு அங்கே பொழுது அடைகிறதை நாம் இங்கே நின்று பார்க்கிறோம். விடியற்காலையில் இது தலைகீழ்: ஒன்றுமே இல்லாத இடத்தில் திடீரென்று நடுவானில் முளைக்கும்.

எப்போது வந்தாலும் மேற்குப் பக்கமிருந்து கிழக்குப் பக்கமாகத்தான் போகும். நம் ஊரில் அநேகமாக இரண்டே வழி: தென்மேற்கில் ஏறி வடகிழக்கில் இறங்கும், அல்லது வடமேற்கில் ஏறி தென்கிழக்கில் இறங்கும். மேற்குப் பக்கமிருந்து அடிக்கிற கச்சான் காற்று வருகிற பக்கத்திலிருந்து வரும் என்று கடலுக்குப் போகிறவர்களிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். கிழக்கிலிருந்து மேற்கே போகும் வெளிச்சம் எதுவானாலும் அது இந்த நிலையம் அல்ல. தென்மேற்கில் முதலில் தட்டுப்படும்போது அது மாலத்தீவு பக்கத்துக் கடலுக்கு மேலே இருக்கும். வடகிழக்கில் இறங்கும்போது வங்காள விரிகுடாவின் தலைப்பக்கம் போயிருக்கும். நடுவில் ஆறேழு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

எங்கே நிற்பது

பலர் நினைப்பதுபோல் இருட்டான இடம் தேடி வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நல்ல நாளில் அது விடிவெள்ளி அளவுக்குப் பளிச்சென்று இருக்கும். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் தெரியும், பரமக்குடியில் மொட்டை மாடியில் நின்றாலும் தெரியும். மேற்கே மறைப்பு இல்லாமல் இருந்தால் சரி. ஆனாலும் கரையில் நின்று பார்க்கிற சுகம் வேறு. அதற்கு எந்தக் கரை என்று பார்த்துப் போக வேண்டும்.

மாலைக்குத் தென்கடல் பக்கம் நல்லது. பாம்பனில் குந்துகால், விவேகானந்தர் 1897-ல் வந்து இறங்கிய இடம். அங்கே நின்றால் தெற்கும் தென்மேற்கும் திறந்து கிடக்கும், முதல் நொடியிலிருந்தே பிடிக்கலாம். ஏர்வாடி, வாலிநோக்கம், சேதுக்கரைக் கரைகளும் இதே மாதிரி. தேவிபட்டினம், தொண்டி கிழக்கு பார்த்தவை. மாலையில் ஏறுகிறதைப் பார்க்கக் கரையில் ஊரும் தோப்பும் மறைக்கும், ஆனால் இறங்குகிறதையும் விடியற்காலை வரவையும் பார்க்க அருமையான இடங்கள். அரியமான் வடகடலைப் பார்த்தது. வடமேற்கில் ஏறுகிற நாளுக்கு அங்கே போகலாம். பொதுவாகப் பிறை பார்க்க எந்த இடத்தில் கூடுகிறீர்களோ அதே இடத்தில் நில்லுங்கள். மேற்கு அடிவானம் சுத்தமாகத் தெரிகிற இடத்தை நம் ஊர்களில் முன்னோர் ஏற்கெனவே தேடி வைத்துவிட்டார்கள்.

தனுஷ்கோடிதான் எல்லோருக்கும் ஆசை. மாலைக்கு அது ஆகாது. பொழுது சாயும்போதே போலீஸ் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும், நிலையம் வருவதோ அதற்குப் பிறகு. பாம்பன் சாலைப் பாலமும் வேண்டாம். வண்டியை நிறுத்த விடமாட்டார்கள், நிறுத்தினாலும் பஸ் போகும்போதெல்லாம் பாலம் அதிரும், போட்டோ எடுக்க முடியாது.

இப்போது சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பச்சை லேசர் டார்ச் கொண்டுவந்து வானத்தைச் சுட்டிக் காட்டுகிறார்கள். நம் கரையில் அதைச் செய்யவே கூடாது. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது. தாழப் பறக்கிற ஹெலிகாப்டர்காரர் கண்ணில் லேசர் பட்டால் அது விளையாட்டு அல்ல. சாதாரண டார்ச்சையும் கடலைப் பார்த்து அணைத்து அணைத்துப் போடாதீர்கள். ராத்திரி நேரத்தில் இந்தக் கரையிலிருந்து கடலுக்கு விளக்குக் காட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று மரைன் போலீசுக்கு ஒரு கணக்கு உண்டு. "விண்வெளி நிலையம் பார்க்க வந்தோம் சார்" என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும்போது நிலையம் போயே போய்விடும். யாராவது வந்து கேட்டால் ஆப்பைத் திறந்து காட்டுங்கள். நேரம் சரியாக இருந்தால் அவர்களும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வாடைக்காலம், மேகம் மூடிக்கொள்ளும், நம்பிக்கை வைக்காதீர்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும், ஆட்களுக்கும் நேரம் இருக்கும். எங்கள் தெருவில் கூட்டமாகப் பார்ப்பது அப்போதுதான். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுந்திருக்கும் வீடுகளுக்கு விடியற்காலை வரவு சும்மா கிடைக்கிற மாதிரி. எல்லோரும் விழித்திருக்கிற நேரம், மாடிக்கு ஏறினால் போதும். கீழக்கரையிலிருந்து எக்கோ சவுண்டர் கொண்டுவருகிற ஒரு காக்காவுக்கு (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நான் அந்த மாதம் முழுக்க நேரம் எழுதி அனுப்புவேன். அவர் வீட்டு உம்மா, கண்ணில் புரை எடுத்தவர், அவருக்கே தெரிகிறது என்று சொன்னார்.

வரும்போது

குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள். போன் வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். நிலையம் ஏறும்போது மங்கலான, அசைகிற நட்சத்திரம்போலத்தான் இருக்கும். மேலே வர வர வெளிச்சம் கூடும். சத்தம் வராது. கண் சிமிட்டாது. சிவப்பு பச்சை கிடையாது. மினுக்கி மினுக்கிப் போனால் விமானம். வரிசையாகக் கோத்தமாதிரி புள்ளிகள் போனால் இன்டர்நெட் தருகிற ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். அசையாமல் சிவப்பாக நின்றால் ராமேஸ்வரம் டிவி டவரின் உச்சி விளக்கு. 323 மீட்டர் உயரம், தூரத்திலிருந்து பார்க்கும் புதியவர்கள் அதைக் கிரகம் என்றே சொல்வார்கள். தியாங்கோங்கும் இதே மாதிரி ஓடும், கொஞ்சம் வெளிச்சம் குறைவு. நேரத்தை ஆப்பில் ஒப்பிட்டால் எது எது என்று தெரிந்துவிடும்.

சில நாள் நிலையத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு சின்னப் புள்ளி அதே பாதையில் போகும். சரக்கோ ஆளோ ஏற்றிய கலம் போய்ச் சேர்வதற்கு முந்தைய நேரமாக இருக்கலாம், அல்லது கழன்று வருகிற நேரமாக இருக்கலாம். செய்தியில் டிராகன், சோயுஸ், புரோகிரஸ் கிளம்பியது என்று வந்தால் அன்றைக்கும் மறுநாளும் நம் ஊருக்கு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜூன் 25 அன்று சுபான்ஷு சுக்லா கிளம்பி, மறுநாள் நிலையத்தில் போய் இறங்கினார். நிலையத்துக்குள் கால் வைத்த முதல் இந்தியர் அவர். ராகேஷ் சர்மா 1984-ல் போனது சோவியத் நாட்டின் சல்யூட் நிலையத்துக்கு. ஜூலை 15-ல் சுக்லா திரும்பி வரும்வரை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எந்த வெளிச்சம் ஓடினாலும் அவர் பெயரைச் சொல்லிக் கை ஆட்டினார்கள், பாதி விமானம்தான்.

போட்டோவுக்குப் போனே போதும். ப்ரோ மோடுக்குப் போய் ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 10 நொடி, ஃபோகஸ் மலைப்படம் போட்ட கடைசி முனை, டைமர் 2 நொடி. உச்சிக்கு அருகில் நிலையம் நொடிக்கு ஒரு டிகிரி ஓடும். ஆகவே 10 நொடியில் ஒரு முஷ்டி அகலத்துக்கு ஒரு வெள்ளைக்கோடு விழும். அந்தி வெளிச்சம் மிச்சமிருந்தால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். டிரைபாட் இல்லாவிட்டால் கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் விளிம்பில் சாய்த்து வையுங்கள். கச்சான் காலத்தில் தென்கடல் பக்கம் காற்று டிரைபாடையே தள்ளிவிடும், அப்போது வடகடல் பக்கம் போய்விடுவது புத்தி.

காதால் கேட்பது

இதுதான் என் தொழிலுக்குப் பக்கத்து விஷயம், அதனால் கொஞ்சம் நீட்டுவேன். நிலையத்தில் அமெச்சூர் ரேடியோ செட் இருக்கிறது, ஆர்வத்துக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள் வைத்திருப்பார்களே, ஹாம் ரேடியோ என்பார்கள், அதுதான். 145.800 மெகாஹெர்ட்ஸ், எஃப்எம். இருட்டு வேண்டாம், மேகம் தடுக்காது, பட்டப்பகலில் தலைக்கு மேலே போனாலும் கேட்கலாம். அடிவானத்துக்கு மேலே இருக்கிற பத்து நிமிடமும் நமக்கு வாய்ப்பு.

முதலில் ஒரு எச்சரிக்கை. படகில் இருக்கிற வயர்லெஸ் செட்டில் இது வராது. அது 156 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வேலை செய்கிற மரைன் செட். அதைத் திறந்து திருத்திப் பார்க்க யாரும் நினைக்காதீர்கள், என்னிடமும் கொண்டுவராதீர்கள். நடுக்கடலில் ஆபத்துக்குக் கூப்பிடுகிற பதினாறாம் சேனல்தான் உயிர். இதற்குத் தேவை ரேடியோ சிக்னலைப் பிடித்துத் தருகிற ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்கிற பென்டிரைவ் அளவு டாங்கிள், அதைப் போனில் சொருக ஒரு ஓடிஜி கேபிள், போனில் எஸ்டிஆர் ஆப். ஆன்லைனில் கிடைக்கிறது. டாங்கிளோடு வருகிற குட்டி ஆன்டெனா வீட்டுக்குள் வைக்கத்தான் லாயக்கு.

ஆன்டெனாவை நீங்களே செய்யுங்கள். நம் வீடுகளில் அந்தக் காலத்தில் இலங்கை டிவியான ரூபவாஹினி பார்க்க நட்டு வைத்த டிவி ஆன்டெனா எங்காவது மாடியில் துருப்பிடித்த குழாயோடு கிடக்கும். அதிலுள்ள அலுமினியக் கம்பி இரண்டு எடுத்து, ஒவ்வொன்றும் 49 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். எலக்ட்ரிக்கல் கடையில் விற்கிற பிளாஸ்டிக் கனெக்டரில் இரண்டையும் பக்கம் பக்கமாக இறுக்கி, ஆங்கில 'வி' எழுத்தை நன்றாக விரித்த மாதிரி, 120 டிகிரிக்கு வையுங்கள். கோஆக்சியல் வயரின் நடுக்கம்பியை ஒன்றோடும், சுற்றியிருக்கும் வலையை மற்றதோடும் இணையுங்கள். இரண்டு கம்பியும் உள்ளே ஒன்றையொன்று தொடக்கூடாது. முழுவதையும் ஒரு பிவிசி பைப்பில் படுக்கைவாட்டில் கட்டி மாடியில் தூக்கிப் பிடித்தால் வேலை முடிந்தது. சத்தம் மங்கினால் பைப்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், காதே சொல்லும். வேலை முடிந்ததும் கனெக்டரை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவையுங்கள். நம் கரைக் காற்றில் ஒரு வாரம் சும்மா விட்டால் பச்சை பிடித்துவிடும்.

நிலையம் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை கொஞ்சம் ஏறி, விலகும்போது இறங்கும். அதனால் ஏறும்போது 145.803, உச்சியில் 145.800, இறங்கும்போது 145.797 என்று விரலால் மாற்றிக்கொண்டே வாருங்கள். தரையிலிருந்து வருகிற குரலை வாங்கித் திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டர் 437.800-ல் ஓடும்போது இந்த ஏற்ற இறக்கம் மூன்று மடங்கு, கை இன்னும் வேகமாக ஓட வேண்டும்.

பல நாள் வெறும் இரைச்சல்தான் கேட்கும். விண்வெளி வீரர்கள் வேலை செய்யப் போயிருக்கிறார்கள், நம்மோடு பேச அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பேச்சு ஏற்பாடு செய்யும் நாட்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படும், அதைப் பார்த்து வையுங்கள். சுக்லா மேலே இருந்தபோது 2025 ஜூலையில் பெங்களூரிலிருந்து மாணவர்கள் இப்படித்தான் ஹாம் ரேடியோவில் அவரோடு பேசினார்கள். பெங்களூருக்கு மேலே நிலையம் தெரிகிறது என்றால் பாம்பனுக்கும் அநேகமாகத் தெரியும். அப்படிப்பட்ட நாளில் மேலே இருந்து வருகிற பதில் மட்டும் கேட்கும், தரையில் கேட்கிற கேள்வி நமக்குக் கேட்காது. பாதிப் பேச்சுதான், ஆனாலும் நேரே அங்கிருந்து வருகிற குரல். கேட்க மட்டும் செய்யுங்கள். திருப்பிப் பேச வேண்டுமானால் மத்திய அரசின் தேர்வு எழுதி ஹாம் லைசென்ஸ் வாங்க வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பியிருந்தால் எழுதலாம். லைசென்ஸ் இல்லாமல் இந்தக் கரையில் செட்டை அமுக்கினால் என்ன ஆகும் என்று லேசர் பத்தியைத் திரும்பப் படித்துக்கொள்ளுங்கள்.

படம் அனுப்புகிற நாட்கள்தான் எனக்குத் திருவிழா. வருடத்தில் சில தடவை, தொடர்ந்து சில நாட்களுக்கு, நிலையத்திலிருந்து இதே 145.800-ல் படங்களை ஒலியாக மாற்றி அனுப்புவார்கள். கேட்டால் விசில் ஊதுகிற மாதிரி ஏறி இறங்கும். இன்னொரு போனில் 'ரோபோட் 36' ஆப்பைத் திறந்து ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் வரி வரியாகப் படம் விழும். பெரும்பாலும் பிடி 120 என்கிற முறையில் அனுப்புவார்கள், ஒரு படம் முடிய இரண்டு நிமிடம். நடுவில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள், அதைப் பார்த்துப் போய்விட்டது என்று செட்டை அணைத்துவிடாதீர்கள். நல்ல உயரத்தில் போகிற நாளில் இரண்டு முழுப்படம் கிடைக்கும். பக்கத்தில் பேசுகிறவர்களை வாயை மூடச் சொல்லுங்கள், அவர்கள் சிரித்தால் படத்தில் கோடு விழும். இருமினாலும் விழும். 2030-க்குப் பிறகு நிலையத்தைப் பசிபிக் கடலில் இறக்கிவிடத் திட்டம் போட்டு, அதற்கான கலம் செய்யும் வேலையை நாசா ஸ்பேஸ்எக்ஸிடம் கொடுத்திருக்கிறது. அதனால் இந்தத் திருவிழாவை ரொம்ப நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

கிடைத்த படத்தை நிலையத்தின் அமெச்சூர் ரேடியோ குழுவான ஏரிஸின் காட்சிப் பக்கத்தில் ஏற்றலாம். அரைகுறைப் படத்தையும் ஏற்றுங்கள், வாங்கிக்கொள்வார்கள். ஏற்றும்போது பிடித்த நேரத்தை உலக நேரத்தில் கேட்பார்கள். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்துப் போடுங்கள்: மாலை 7.04 என்றால் 13.34. விடியற்காலை 4.50-க்குப் பிடித்த படமாக இருந்தால் தேதியும் ஒருநாள் பின்னால் போகும், 23.20.